பழம் எங்கே போயிற்று?

நமது சங்கத்தின் கோடை விழாவில் சாப்பாட்டுக்குப் பிறகு ஐஸ்கிரீம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மஞ்சள் நிறம் என்றால் மாம்பழம், இளஞ்சிவப்பு என்றால் ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு நிறம் என்றால் நம் நாக்பூர் சந்த்ரா. சிறிய கோப்பை, ஒரு மரக்கரண்டி. பத்து நிமிடத்தில் விநியோகம் முடிந்துவிடும். செயற்குழுவுக்கும் சிரமமில்லை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு கேள்வி கேட்கவும், ஒரு யோசனை சொல்லவும் எழுதுகிறேன். கேள்வி இதுதான்: அந்தக் கோப்பையில் பழம் எங்கே? யோசனை: அதை நாமே வீட்டில் செய்து கொண்டு வந்தால் என்ன? ‘நாமே’ என்று நான் சொல்வது இச்சங்கத்தின் ஆண்களை. அதிலும் குறிப்பாக ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் என்னைப் போன்றவர்களை.

முதலில் கேள்வியைப் பார்ப்போம். கடையில் விற்கும் கோப்பையின் மீது மூன்று செய்திகள் சிறிய எழுத்தில் இருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க வேண்டும். ஒன்று, அது ‘ஐஸ்கிரீம்’ தானா அல்லது ‘ஃப்ரோசன் டெஸர்ட்’ என்பதா. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, வெறுமனே ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 10 சதவிகிதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயைச் சேர்த்தால் அதற்கு ஃப்ரோசன் டெஸர்ட் என்றுதான் பெயர். அது விஷமல்ல, சட்ட விரோதமும் அல்ல. ஆனால் அது வேறு பண்டம். இரண்டு, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல். அதிக எடையுள்ள பொருள் முதலில், குறைந்த எடையுள்ளது கடைசியில் என்ற வரிசையில் அது இருக்கும். பழத்தின் பெயர் எத்தனையாவது இடத்தில் வருகிறது, அல்லது வருகிறதா என்றே பாருங்கள். பல கோப்பைகளில் பழத்துக்குப் பதில் நிறமும் வாசனைப் பொருளும்தான் இருக்கும். மூன்று, அளவு. ஐஸ்கிரீம் மில்லி லிட்டரில் விற்கப்படுகிறது. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருந்தால் விதிப்படி போதும். உறைவதற்கு முன் அந்தக் கலவை லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலேயே இருக்கும். ஆகவே நாம் வாங்குவதில் பாதி வரை காற்றாக இருக்க இடமுண்டு. காற்று கொஞ்சம் வேண்டியதுதான். அது இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் செங்கல்லாகிவிடும். ஆனால் எவ்வளவு காற்று என்று தெரிந்துகொண்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். சென்ற கோடையில் என் ஏழு வயதுப் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். வீட்டில் செய்த மாம்பழ ஐஸ்கிரீமை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, “நல்லா இருக்கு தாத்தா, ஆனா இது மேங்கோ இல்லையே” என்றான். பின் என்ன என்று கேட்டேன். “இது மாம்பழம்” என்றான். அவனைப் பொறுத்தவரை மேங்கோ என்பது ஒரு வாசனை. மாம்பழம் என்பது ஒரு பழம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. குழந்தை உள்ளதைத்தான் சொன்னான். அவனுக்கு நாம் வாங்கிக் கொடுத்ததெல்லாம் மேங்கோதான். நாக்கு பழகிய ருசியைத்தான் நிஜம் என்று எடுத்துக்கொள்ளும். இப்படியே போனால் நிஜமான பழத்தைக் கொடுத்தால் ‘இது சரியில்லை’ என்று ஒதுக்கும் தலைமுறை வளரும். தாய்மொழி மறந்துபோகிறதே என்று நமது சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கவலைப்படுகிறோம். ருசி மறந்துபோவதும் அதே வகை நஷ்டம்தான் என்பது என் அபிப்பிராயம். சொல் போனால் அகராதியிலாவது இருக்கும்; ருசி போனால் எதில் தேடுவது?

அதுவும் நாம் வாழ்வது எந்த ஊர்? சந்த்ரா என்றால் நாக்பூர், நாக்பூர் என்றால் சந்த்ரா. 2014-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வருடத்துக்கு இரண்டு விளைச்சல்: மழைக்குப் பின் வருவது அம்பியா பஹார், பிப்ரவரிக்கு மேல் கோடைத் தொடக்கத்தில் வருவது மிருக் பஹார். மகாராஷ்டிரத்தின் மற்றப் பக்கங்களிலிருந்து ரத்னகிரி, தேவ்கட் ஹாபுஸ் மாம்பழம், கோல்வட் சிக்கு (நாம் சப்போட்டா என்போமே, அதுதான்), பீட் மாவட்டத்துச் சீதாப்பழம், மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரி. ஆந்திரத்துப் பங்கனபள்ளி வேறு. இத்தனையும் கிடைக்கும் மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு எசென்ஸைச் சாப்பிடுவது, காவிரிக்கரையில் நின்றுகொண்டு புட்டித் தண்ணீர் குடிப்பது மாதிரி.

இனி செய்முறை. ‘சுலபமானது’ என்று பத்திரிகைகளில் வரும் குறிப்புகளைப் படித்து ஏமாந்தவர்கள் உண்டு. ஆகவே கணக்கோடு சொல்கிறேன்.

ஃபுல் கிரீம் பால் ஒரு லிட்டர். அதில் விதிப்படி 6 சதவிகிதம் கொழுப்பு உண்டு. அதாவது சுமார் 60 கிராம். அகலமான, அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறிக்கொண்டே பாதியாகச் சுண்ட வைக்கவும். முக்கால் மணி நேரம் பிடிக்கும். தண்ணீர் ஆவியாகும், கொழுப்பு அப்படியே இருக்கும். ஓரத்தில் படியும் ஆடையை வழித்து உள்ளே விடவும். இறக்கும் முன் சர்க்கரை 120 கிராம் சேர்த்துக் கரைக்கவும். பாத்திரத்தை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து ஆற்றி, பிறகு ஃபிரிட்ஜில் நான்கு மணி நேரம் வைக்கவும். நன்றாகக் குளிர்ந்தபின், மிக்ஸியில் அரைத்து வடிகட்டிய மாம்பழக் கூழ் 300 கிராம், 25 சதவிகிதக் கொழுப்புள்ள கிரீம் 200 கிராம் இரண்டையும் சேர்த்துக் கலக்கவும். கிரீமில் 50 கிராம் கொழுப்பு. ஆக, மொத்தம் 1,120 கிராம் கலவை. அதில் கொழுப்பு 110 கிராம். கிட்டத்தட்ட 10 சதவிகிதம். அரசாங்கம் ஐஸ்கிரீமுக்குச் சொல்லும் அளவு நம் அடுப்படியிலேயே வந்துவிட்டது. பழமோ நான்கில் ஒரு பங்குக்கும் மேல். நிறம், எசென்ஸ் எதுவும் வேண்டாம். ஏலக்காய், குங்குமப்பூ கூட வேண்டாம். பழம் பேசட்டும்.

கலவையை ருசி பார்க்கும்போது சற்றுத் தித்திப்பு அதிகம் போலத் தோன்ற வேண்டும். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது கலந்திருப்பதால் கலவை பூஜ்யம் டிகிரியில் உறையாமல் அதற்கும் கீழே போய்த்தான் உறையத் தொடங்கும், முழுவதும் கட்டியாகாது. ஆகவே சர்க்கரையை மிகவும் குறைத்தால் கரண்டி இறங்காது.

அடுத்தது உறைய வைப்பது. இங்கேதான் பலர் ‘வீட்டில் செய்தால் நறநறவென்று ஐஸ் கட்டியாக வருகிறது’ என்று கைவிடுகிறார்கள். காரணம் எளிது. தண்ணீர் அசையாமல் மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய படிகங்களாக உறையும். வேகமாக, கலைக்கப்பட்டுக்கொண்டே உறைந்தால் நாக்குக்குத் தெரியாத சிறு படிகங்களாகும். எனவே ஆழமான டப்பா வேண்டாம். தட்டையான எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேற்படாமல் ஊற்றி, மூடி, ஃப்ரீசரின் உட்பக்கமாக வைக்கவும். இரண்டு மணி நேரத்தில் ஓரம் உறைந்து நடுவில் கூழாக இருக்கும். அப்போது எடுத்து மிக்ஸியில் ஒரு நிமிடம் அடித்து மீண்டும் வைக்கவும். ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு மூன்றாம் முறை. படிகங்களும் உடையும், வேண்டிய காற்றும் சேரும். அதன்பின் ஆறு மணி நேரம் தொடக்கூடாது. பரிமாறப் பத்து நிமிடம் முன்னால் ஃப்ரீசரிலிருந்து கீழே ஃபிரிட்ஜுக்கு மாற்றினால் கரண்டிக்கு இணங்கும். வேலை செய்யும் நேரம் மொத்தம் ஒன்றரை மணிக்கு மேல் ஆகாது. மீதியெல்லாம் ஃப்ரீசரின் வேலை.

மாம்பழத்துக்குச் சொன்னதை எல்லாப் பழத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சீதாப்பழத்தைச் சூடாக்கினால் கசக்கும். குளிர்ந்த பாலில்தான் சேர்க்க வேண்டும். விதை மிக்ஸியில் நொறுங்கக் கூடாது, அது உண்ணத் தகாதது. சல்லடையில் கையால் தேய்த்து எடுப்பதே உத்தமம். அன்னாசி இதற்கு நேர்மாறு. பச்சையாகப் பாலில் போட்டால் அதிலுள்ள ஒரு நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். சர்க்கரையோடு நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கொய்யாவைக் கூழாக்கி விதை வடிகட்ட வேண்டும். சிக்கு நன்றாகக் கனிந்திருக்க வேண்டும். காய்வெட்டாக இருந்தால் தொண்டையைப் பிடிக்கும். வாழைப்பழம் ஒன்றுதான் எல்லாவற்றையும் மன்னிக்கும். கனிந்த பழத்தைத் துண்டாக்கி ஃப்ரீசரில் இரவு வைத்து, காலையில் மிக்ஸியில் அடித்தால், பாலும் வேண்டாம், கிரீமும் வேண்டாம், அதுவே ஐஸ்கிரீம் போல வந்து நிற்கும். அவசரக்காரர்களுக்கு இதைவிடச் சுலபம் கிடையாது.

நம் ஊர்ச் சந்த்ராதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர், போதாக்குறைக்குப் புளிப்பு. சூடான பாலில் சாறு பட்டால் திரிந்துவிடும். குளிர்ந்த பாலில் அதிகம் ஊற்றினால் ஐஸ் கட்டி. வழி என்னவென்றால், வாசனை தோலில்தான் இருக்கிறது. தோலைக் கழுவி, வெள்ளைப் பகுதி வராமல் மேல்தோலை மட்டும் துருவி, பால் சுண்டும் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டு, ஆறியதும் வடிகட்டவும். சுளைகளை மெல்லிய தோலும் கொட்டையும் நீக்கி, உதிர்த்து, குளிரவைத்து, கடைசி முறை அடித்து முடித்தபின் கையால் கலக்கவும். ஊர் முழுக்க விற்கும் சந்த்ரா பர்பி நமக்குக் காட்டும் வழியும் இதுதானே: பாலும் பழமும் சேராது என்று விட்டுவிடாமல், சேர்க்கும் விதத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இனி ஆட்சேபணைகள். “பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது, இவ்வளவு பாடு எதற்கு?” என்பது முதலாவது. அவசரத்துக்கு வாங்குவதை நான் தடுக்கவில்லை. ஆனால் பாடு என்று எண்ணுவதைச் சற்று யோசித்துப் பாருங்கள். 1842-ல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டி, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்தார்கள். அடுத்த வருடமே, 1843-ல், அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி கையால் சுற்றும் ஐஸ்கிரீம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மரத்தொட்டி, நடுவில் உலோக உருளை, சுற்றிலும் ஐஸும் உப்பும், மேலே ஒரு கைப்பிடி. இங்கே மராட்டிய வீடுகளில் ‘பாட்’ என்று சொல்லி, விருந்தாளிகளும் குழந்தைகளும் முறை வைத்துச் சுற்றுவது அதன் வம்சம்தான். அன்று கடல் தாண்டி வந்த பனிக்கட்டி இன்று நம் வீட்டு ஃப்ரீசரிலேயே விளைகிறது. வசதி பெருகப் பெருக நாம் செய்வது மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

இரண்டாவது ஆட்சேபணை, சர்க்கரை வியாதி. நியாயமானது. வீட்டில் செய்தால் அது மருந்தாகிவிடாது. சர்க்கரையும் உண்டு, கொழுப்பும் உண்டு, பழத்தின் இனிப்பும் உண்டு. டாக்டர் கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டியதுதான். வித்தியாசம் என்னவென்றால், எவ்வளவு போட்டோம் என்று நமக்குத் தெரியும்.

மூன்றாவது, சுகாதாரம். பாலைக் காய்ச்சித்தான் செய்கிறோம். பச்சை முட்டை சேர்ப்பதில்லை. பாத்திரமும் மிக்ஸி ஜாரும் கொதிநீரில் அலசியதாக இருக்கட்டும். நாக்பூர்க் கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும். மின்சாரமும் சில நாள் சோதிக்கும். முழுவதும் உருகிப் போனதை மீண்டும் உறைய வைத்துப் பரிமாறவே கூடாது. ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கவும்.

நான்காவது ஆட்சேபணைதான் முக்கியமானது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘வீட்டிலேயே செய்யலாமே’ என்று ஆண்கள் சொன்னால் அதற்குப் பொருள் ‘நீ செய்’ என்பதுதான். யோசனை கணவருடையது, பாலருகே நிற்பது மனைவி, பிசுபிசுத்த மிக்ஸி ஜாரைக் கழுவுவதும் மனைவி, விருந்தினர் பாராட்டும்போது, “சுலபம்தான் சார்” என்பது மறுபடி கணவர். நாற்பது வருடம் மூன்று வேளை சமைத்தவருக்கு மே மாத வெயிலில் இன்னொரு வேலையை ஏற்றுவதற்கு இந்தக் கட்டுரை சாட்சியாகப் பயன்படக் கூடாது. வேலைக்குப் போகும் மருமகளுக்கும் இது பொருந்தும். அதனால்தான் ஆரம்பத்திலேயே ஆண்கள் என்று குறிப்பிட்டேன். இந்த வேலைக்குக் கைப்பக்குவம் தேவையில்லை. தராசு, கடிகாரம், பொறுமை மூன்றும் போதும். அலுவலகத்தில் முப்பது நாற்பது வருடம் கணக்கும் நேரமும் பார்த்தவர்களுக்கு இது வராது என்றால் நம்ப முடியுமா? ஓய்வு பெற்றவர்களிடம் நேரம் இருக்கிறது. விடுமுறைக்கு வரும் பேரன் பேத்திகளிடம் செலவழிக்கத்தான் வழி தெரியவில்லை. அவர்கள் கையில் செல்போன், நம் கையில் தினசரி என்று இரண்டு மூலைகளில் உட்காருவதைவிட, நடுவில் ஒரு கூடை மாம்பழத்தை வைத்துக்கொண்டு உட்காரலாம். எந்த மாம்பழம் எந்த ஊர், நார் உள்ளது எது, வாசனை எது என்று குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடசாலை இல்லை. அதைத் தமிழிலேயே சொல்லலாம் என்பது உபரி லாபம்.

ஆகவே சங்கத்துக்கு என் யோசனை. மேலே சொன்ன அளவில் ஆளுக்கு 90 கிராம் வீதம் பன்னிரண்டு கிண்ணம் தாராளமாக வரும். பத்து வீடுகள் ஒப்புக்கொண்டால் 120 பேருக்கு ஆயிற்று. நான்கு வீட்டில் மாம்பழம், மூன்று வீட்டில் சந்த்ரா, மூன்று வீட்டில் சிக்கு. மண்டபத்துக்குக் கொண்டுவரும் வழியும் பழைய வழிதான்: தெர்மோகோல் பெட்டியில், உடைத்த ஐஸ் மூன்று பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு. உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்கு வெகு கீழேயே உருகத் தொடங்கும். உருகுவதற்கு வேண்டிய சூட்டைப் பக்கத்திலுள்ள பாத்திரத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். மின்சாரம் இல்லாமலே இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். பாத்திரத்தின் மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். உப்புநீர் உள்ளே போனால் அத்தனையும் பாழ். சங்கம் செய்ய வேண்டியது ஒன்றுதான். கோப்பைக்கு ஒதுக்கும் பணத்தைப் பாலுக்கும் பழத்துக்கும் கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஒரு போட்டியும் வைக்கலாம்: கண்ணைக் கட்டிக்கொண்டு ருசி பார்த்து, பழத்தின் பெயரைத் தமிழில் சொல்ல வேண்டும். ‘மேங்கோ’ என்றால் மதிப்பெண் கிடையாது.

ஒரு முறை செய்து பார்ப்போம். சரிப்படவில்லை என்றால் அடுத்த வருடம் பழையபடி கோப்பைக்குத் திரும்புவதை யாரும் தடுக்கப் போவதில்லை. விருப்பமுள்ள ஆண்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பட்டியலில் முதல் பெயராக என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பாத்திரம் கழுவுவதும் நம் பொறுப்பே என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு பெயர் கொடுக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.